விஸ்கி அண்ணனும் விழாத கிரீமும்

மதுரையில் ஒருவரோடு கைகுலுக்கிவிட்டு, அவர் அன்று காலையில் தலைக்குத் தேய்த்தது தேங்காய் எண்ணெயா நல்லெண்ணெயா என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் விஸ்கி அண்ணன்தான். சொல்வதோடு விடமாட்டார். “கலப்படம்ணே, கடையை மாத்துங்க” என்று சேர்த்துச் சொல்வார். இதனாலேயே அவருக்குக் கைகொடுக்க யாரும் முன்வருவதில்லை. தூரத்திலேயே நின்று கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

பெயரைப் பார்த்து அவசரப்பட வேண்டாம். அண்ணன் குடிக்காதவர். அவர் வாழ்க்கையில் ஏற்றிக்கொண்ட அதிகபட்சப் போதை, கல்யாண வீட்டு பீடாதான். ஒரு பொருள் எவ்வளவு கெட்டியாக, எவ்வளவு தயங்கித் தயங்கி ஓடுகிறது என்பதற்கு ‘விஸ்காசிட்டி’ என்று ஒரு சொல் உண்டு. அதை அவர் மூச்சுக்கு ஒரு தடவை சொல்வார். எங்கள் லோடுமேன்களுக்கு அம்புட்டு நீளச் சொல்லுக்கு நேரமில்லை. முதல் பாதியை மட்டும் வாய்க்குத் தோதாக மாற்றி வைத்துக்கொண்டு மீதியை அவரிடமே விட்டுவிட்டார்கள்.

எங்கள் கம்பெனி செல்லூரில், இரண்டு பக்கமும் பவர்லூம் தறிகள் தடதடக்கும் ஒரு சந்துக்குள் இருந்தது. பித்தவெடிப்புக்குப் போடும் கிரீம் தயாரித்தோம். லேபிளுக்கு வாசகம் எழுதுவது, போன் எடுப்பது, போனில் திட்டு வாங்குவது ஆகியவை என் பொறுப்பு. வெயில் காலத்தில் எங்கள் கிரீம் மோர் மாதிரி ஆகிவிடும். கடைக்காரர்கள் கூப்பிட்டு, “உங்க கிரீமு ஊத்திக்கிச்சும்மா” என்பார்கள். டப்பாவைச் சொல்கிறார்களா, கம்பெனியைச் சொல்கிறார்களா என்று எனக்குக் குழப்பமாக இருக்கும். பெரும்பாலும் இரண்டும் உண்மையாகவே இருந்தன.

முதலாளியை எல்லோரும் பாய் என்போம். பழைய மதுரையில் அத்தர் வியாபாரம் செய்த குடும்பம். வாசனை விஷயத்தில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது. ஆனால் கிரீம் ஏன் ஓடுகிறது என்பது மட்டும் அவருக்குப் பிடிபடவே இல்லை. கெமிஸ்ட்ரி படித்தவர், ஒரு சோப்புக் கம்பெனியில் முதலாளியோடு சண்டை போட்டு வெளியே வந்தவர் ஒருவர் சும்மா இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். பாய் வரவழைத்தார்.

வந்தவர் ஒல்லியாக, தென்னங்கன்றுக்கு முட்டுக் கொடுத்த கம்பு மாதிரி உயரமாக இருந்தார். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஐஸ்கிரீம் குச்சிகள் இருந்தன.

“என்ன அனுபவம் தம்பி?” என்று பாய் கேட்டார்.

அண்ணன் பைக்குள்ளிருந்து வேறு ஏதோ ஒரு கம்பெனியின் கிரீம் டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். பாயின் தலைக்கு நேர் மேலே கவிழ்த்துப் பிடித்தார். பாய் கண்ணை இறுக மூடிக்கொண்டார். ஒன்றும் விழவில்லை.

“பாத்தீங்களா பாய்? நின்னா நிக்கணும், தேச்சா ஓடணும். அம்புட்டுத்தேன் கிரீமு.”

பிறகு மேஜையில் இருந்த எங்கள் டப்பாவைக் கையில் எடுத்தார். “அண்ணே, வேணாம்ணே” என்று நான் எழுவதற்குள் கவிழ்த்துவிட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. பாய் வெளுத்த ஜிப்பாவும் தொப்பியுமாகத் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எங்கள் தயாரிப்பு தொப்பியில் விழுந்து, நெற்றிக்கு வந்து கொஞ்சம் யோசித்து, மூக்கு வழியாக ஜிப்பாவுக்கு இறங்கியது. அண்ணன் குனிந்து அது போகும் பாதையையே உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வேகத்தப் பாருங்க பாய். எண்ணெயும் தண்ணியும் தனித்தனியாப் பிரிஞ்சு போகுது. எண்ணெய்தேன் முந்துது.”

பாய் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். போலீஸைக் கூப்பிடச் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன்.

“என்னைக்கு வேலைக்கு வாரே?” என்றார் பாய்.

பட்டப்பெயர் வந்த பிறகு பாய் பட்ட பாடு தனி. ஒருநாள் அவர் பள்ளிவாசல் பெரியவர்களோடு பேசியபடி தெருவில் வந்துகொண்டிருந்தார். எங்கள் லோடுமேன் எதிரில் ஓடிவந்து, “பாய், சீக்கிரம் வாங்க! விஸ்கி வந்து உக்காந்திருக்கு, நீங்க இல்லாம ஆரம்பிக்க மாட்டேங்குது!” என்று கத்தினான். பெரியவர்கள் பாயைப் பார்த்தார்கள். பாய் வானத்தைப் பார்த்தார். மறுநாளே, இனிமேல் அவரை எல்லோரும் ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. பாய் ஒருவர் மட்டும் கடைசிவரை அப்படிக் கூப்பிட்டார்.

விஸ்காசிட்டி பார்க்கிற மெஷின் ஒன்று வேண்டும் என்று அண்ணன் கேட்டார். விலையைக் கேட்ட பாய் அன்று மதியம் சாப்பிடவில்லை. ஆகவே அண்ணன் கையில் கிடைத்ததை வைத்து ஆய்வுக்கூடம் அமைத்தார். இரண்டு கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே கொஞ்சம் கிரீமை வைத்து, மேலே காய்கறிக் கடை எடைக்கல்லை ஏற்றி, எவ்வளவு தூரம் பரவுகிறது என்று ஸ்கேல் வைத்து அளப்பார். டப்பாக்களைப் பக்கத்து வீட்டுப் பவர்லூம் மேல் அடுக்கி நாள் முழுக்கக் குலுங்க விடுவார். குளிர் தாங்குமா என்று பார்க்க, தெருமுனை ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசருக்குள் ஒரு டப்பா இருக்கும். கடைக்கு வந்த ஒருவர் அதைக் காட்டி, அது என்ன ஃப்ளேவர் என்று கேட்ட பிறகு கடைக்காரர் எங்களோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டு வேளையில் பாக்கிங் பெண்களுக்கு அண்ணன் எண்ணெய்ப் பாடம் எடுப்பார். யாரும் கேட்கவில்லை. அதனால் அவர் நிறுத்தியதும் இல்லை.

“இந்தத் தேங்காண்ணெய் இருக்கானே, அவன நம்ப முடியாதும்மா. மார்கழியில கல்லு மாதிரி விறைச்சுக்கிருவான். சித்திரையில தண்ணியா இளகிருவான். அவன வச்சு கிரீம் செஞ்சா டப்பாவுக்குள்ள ஒரு நாள் மாதிரி ஒரு நாள் இருக்காது. சூரியகாந்தி எண்ணெய் ரொம்ப மென்மை. வழுக்கிக்கிட்டுப் பரவும். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. வெளக்கெண்ணெய் நேர் எதிரு. இழுவை ஜாஸ்தி. வந்து உக்காந்தான்னா எந்திரிக்க மாட்டான்.”

“எங்க நாத்தனா மாதிரி” என்றார் செல்வி அக்கா.

செல்வி அக்கா பாக்கிங் பிரிவுக்கு மூத்தவர். திருவாதவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவர். கிரீமை டப்பாவில் அடைத்து மேலே ஒரு சுழி விடுவதில் அவருக்கு இணை கிடையாது. அந்தச் சுழியைப் பார்த்தே, “இன்னைக்கு பதம் சரியில்ல, சுழி சாயுது” என்று அண்ணன் துள்ளுவார். வேலை நேரத்தில் இருவருக்கும் நடந்த பேச்சு பெரும்பாலும் சுழியைப் பற்றியதாகவே இருக்கும்.

வீட்டிலும் இதே கதைதான். தோசை மாவைக் கரண்டியால் தூக்கி ஊற்றி, அது நூலாக இறங்குகிறதா, கட்டியாக விழுகிறதா என்று அண்ணன் பார்த்துக்கொண்டே நிற்பதில், மதினி அடுப்பை அணைத்துவிட்டு டிவி பார்க்கப் போய்விடுவார்களாம். ஒரு கல்யாணத்தில் என் பக்கத்து இலையில் சாப்பிட உட்கார்ந்தார். பாயசம் இலையைத் தாண்டி அவர் மடியை நோக்கி ஓடியது. அண்ணன் அதைத் தடுக்கவில்லை. சமையல்காரரைக் கூப்பிட்டார்.

“இதுல இழுவை பத்தலையேண்ணே. இன்னும் கொஞ்சம் நேரம் கிண்டிருந்தா இலையில நின்னுருக்கும்ல?”

சமையல்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். “இது குடிக்கிறதுக்கு சார். கால்ல தடவுறதுக்கு இல்ல.”

இப்படிப் போய்க்கொண்டிருந்த கம்பெனிக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. சென்னையில் நிறையக் கிளைகள் வைத்திருக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட், எங்கள் கிரீமைத் தன் கடைகளில் வைக்கத் தயாராக இருந்தது. இந்த ஆர்டர் கிடைத்தால் பாக்கிங் பெண்கள் அத்தனை பேருக்கும் வருடம் முழுக்க வேலை. கிடைக்காவிட்டால் அந்தப் பிரிவை மூடுவதைத் தவிர வழியில்லை என்று பாய் எங்களிடம் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

சென்னைக்காரர்கள் கேட்டது இதுதான். கிரீமில் தேங்காய் எண்ணெய் இருக்க வேண்டும், அது லேபிளில் பெரிதாகத் தெரிய வேண்டும். தடவினால் பட்டு மாதிரி வழுக்க வேண்டும். வெயிலில் இளகக் கூடாது.

“மூணும் ஒண்ணா வராது பாய்” என்றார் அண்ணன். “ஒரே பொண்ணு அமைதியாவும் இருக்கணும், ஊர்வம்பும் பேசணும், ஒரே நேரத்துல தூங்கவும் செய்யணும்னா எப்புடி?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாது மாஸ்டர். இன்ஷா அல்லாஹ், நீ செஞ்சிருவே.”

அண்ணன் செய்தார். தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி, கொஞ்சம் தேன்மெழுகு சேர்த்து, வெந்நீரோடு கலந்து, ஆறும் வரை கிண்டி எடுத்த அந்த முதல் கிரீம் உண்மையிலேயே பட்டு. நான் வீட்டுக்குக் கொஞ்சம் எடுத்துப் போனேன். ஆனால் வெயில் தாங்குமா என்பதுதான் கேள்வி. அதைச் சோதிக்க அண்ணன் தேர்ந்தெடுத்த இடம், செல்வி அக்கா வந்துபோகும் திருவாதவூர் டவுன் பஸ். டிரைவருக்குப் பக்கத்தில் எஞ்சினை மூடியிருக்கும் பானெட் இருக்கிறதே, அதைவிடச் சூடான இடம் மதுரை வட்டாரத்தில் இல்லை என்பது அவர் கணிப்பு. சித்திரை மாத மத்தியானம். அண்ணன் டிக்கெட் எடுத்து, முன் சீட்டில் உட்கார்ந்து, துண்டை விரித்து, பானெட் மேல் டப்பாக்களை வரிசையாக வைத்தார். நான் குடையோடும் கவலையோடும் பின் சீட்டில் இருந்தேன்.

“என்னய்யா இது?” என்றார் டிரைவர்.

“கிரீமுண்ணே. சூடு தாங்குதான்னு பாக்கிறேன்.”

“நான் தாங்குறேனான்னு யாராச்சும் பாத்தீங்களாய்யா?”

ஒத்தக்கடை தாண்டியதும் ஒரு வேகத்தடை. பஸ் ஏறி இறங்கியது. உள்ளே ஏற்கெனவே தண்ணீராகியிருந்த கிரீம், மூடிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தது. பானெட்டின் சரிவில் இறங்கி, டிரைவரின் செருப்பைத் தேடிப் போனது. “ஏய், கால் வழுக்குதுய்யா!” என்று கத்தி, டிரைவர் அங்கேயே ஓரம் கட்டினார். எல்லோரும் இறங்கிவிட்டோம்.

இந்த நிலையில் வேறு யாராக இருந்தாலும் ஓடியிருப்பார்கள். அண்ணன் துண்டைப் பிழிந்து, வழிந்ததை எல்லாம் ஒரு டப்பாவில் சேர்த்தார். புளியமர நிழலில் நின்ற பயணிகள், சும்மா கிடைக்கிறதே என்று ஆளுக்குக் கொஞ்சம் கையிலும் காலிலும் தடவிக்கொண்டார்கள். அண்ணன் ஒவ்வொருவரிடமும் போய் நின்றார்.

“எப்புடியிருக்கு? பிசுபிசுப்பு தெரியுதா? தேச்ச ஒடனே உள்ள போகுதா, மேலயே நிக்கிதா?”

கண்டக்டர் பொறுமையிழந்தார். “யோவ், நீ பஸ்ஸுல வாரியா, இல்ல இங்கனயே ஆஸ்பத்திரி வச்சு ஒக்காரப் போறியா?”

அந்த அவமானம் அண்ணனை உள்ளுக்குள் ஏதோ செய்துவிட்டது. தேங்காய் எண்ணெயைப் பெயருக்கு வைத்துக்கொண்டு, மிச்சத்துக்கு விளக்கெண்ணெயை ஊற்றினார். தேன்மெழுகை அள்ளிப் போட்டார். இந்த முறை வந்த கிரீம் எதற்கும் அசையவில்லை. தறிமேல் குலுங்கியது, பிரியவில்லை. மொட்டை மாடி வெயிலில் கிடந்தது, இளகவில்லை. ஒரு டப்பாவைக் கவிழ்த்துக் கயிற்றில் கட்டி மின்விசிறிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார். அது பாட்டுக்குத் தொங்கியது. தான் வைத்த அத்தனை பரீட்சையிலும் பிள்ளை முதல் மார்க் வாங்கிவிட்ட பூரிப்பு அண்ணன் முகத்தில். சீக்கிரமே சென்னையிலிருந்து ஆள் வருவதாகத் தகவல் வந்தபோது, ஒரு பெரிய அண்டா நிறைய அதையே கிண்டி முடித்துவிட்டார்.

வந்தவர் முழுக்கைச் சட்டை போட்ட இளைஞர். தமிழை யோசித்து யோசித்துப் பேசினார். அண்ணன் டப்பாவைத் திறந்தார். என்ன நடக்கப்போகிறது என்று புரிந்து பாய் “மாஸ்டர்!” என்று அலறுவதற்குள், டப்பா இளைஞரின் தலைக்கு மேல் கவிழ்ந்து நின்றது. விழவில்லை. இளைஞர் நிமிர்ந்து பார்த்து, “இம்ப்ரெசிவ்” என்றார். பாய்க்கு உயிர் வந்தது.

“கையில தடவிப் பாக்கலாமா?”

“தாராளமா சார்” என்றார் அண்ணன்.

இளைஞர் விரலை விட்டார். விரல் உள்ளே போகவில்லை. அண்ணன் பையிலிருந்து ஒரு ஐஸ்கிரீம் குச்சியைக் கொடுத்தார். குச்சி உடைந்தது. இன்னொரு குச்சியால் தோண்டி எடுத்து, இளைஞரின் புறங்கையில் வைத்தார். அது கொழுக்கட்டை மாதிரி அங்கேயே உட்கார்ந்துகொண்டது. தேய்த்தார். கை முடி இழுபட்டதே தவிர, கிரீம் நகரவில்லை. நிற்கிறதா என்று எல்லாவிதத்திலும் சோதித்த அண்ணன், அது டப்பாவைவிட்டு வருமா என்று மட்டும் சோதித்துப் பார்க்கவில்லை.

“சார், இது கிரீமா, இல்ல ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கிற புட்டியா?” என்றார் இளைஞர்.

அண்ணனுக்குப் பொய் வராது. “புட்டி இம்புட்டு நிக்காது சார்” என்றார்.

விடைபெறும்போது இளைஞர் மரியாதைக்குக் கைகொடுத்தார். கொடுத்த கை திரும்பி வர நேரம் பிடித்தது. அவர் போன பிறகு சென்னையிலிருந்து எங்களுக்கு வேறெதுவும் வரவில்லை.

பாய் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவர் கோபப்படவில்லை. பாக்கிங் பெண்களை உட்காரவைத்து, கொஞ்ச நாளைக்கு வீட்டில் இருங்கள், நிலைமை சரியானதும் கூப்பிடுகிறேன் என்று சொன்னார். சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை. அண்ணன் அண்டாவுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு பல நாட்கள் அவர் வாயிலிருந்து ‘விஸ்காசிட்டி’ என்ற சொல் வரவே இல்லை. லோடுமேன்கள் அவரைக் கூப்பிட வேறு பெயர் தெரியாமல் கையைத் தட்டிக் கூப்பிட்டார்கள். அப்புறம் ஒரு வாரம் உடம்பு சரியில்லை என்று வேலைக்கே வரவில்லை. மதினியிடம் போனில் கேட்டேன். “உடம்பெல்லாம் நல்லாத்தேன் இருக்கு. நேத்து தண்ணியாட்டம் சாம்பார் வச்சேன், ஒரு வார்த்தை சொல்லாமச் சாப்பிட்டாரும்மா. எனக்குப் பயமா இருக்கு” என்றார்கள்.

அந்த வாரத்தில்தான் பாய் அண்டாவைக் காலி செய்யச் சொன்னார். சாக்கடையில் கொட்டினால் செல்லூர் முழுக்க அடைத்துக்கொள்ளும் என்று லோடுமேன்கள் மறுத்துவிட்டார்கள். சம்பளப் பாக்கி வாங்க வந்திருந்த செல்வி அக்கா, “நாங்க எடுத்துக்கிரட்டுமா பாய்?” என்று கேட்டார். “எடுத்துக்கம்மா” என்றார் பாய். பாக்கிங் பெண்கள் எல்லோரும் வந்து, தூக்குவாளியிலும் டிபன் பாக்ஸிலும் அகப்பையால் வெட்டி வெட்டி எடுத்துப் போனார்கள்.

அண்ணன் திரும்பி வந்து காலி அண்டாவைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

“தங்கச்சி, அது தோத்துப்போன சரக்கு. அத ஊருக்குள்ள விடலாமா? நாளைக்கு நாலு பேரு தடவிட்டு, இத எந்தப் பய செஞ்சான்னு கேப்பாக. கெளம்பு, போயி வாங்கிட்டு வந்துருவோம்.”

“எதண்ணே?”

“கிரீமத்தேன்.”

கொடுத்த கிரீமைக் காலிலிருந்து எப்படித் திரும்ப வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் போனேன். அதே பஸ். அண்ணனைப் பார்த்ததும் டிரைவர், “கையில என்ன?” என்றார். “ஒண்ணுமில்லண்ணே.” “பையில?” பையைத் திறந்து காட்டிய பிறகுதான் வண்டியை எடுத்தார்.

திருவாதவூரில் விசாரித்துக்கொண்டு போனால், செல்வி அக்கா வயலில் இருப்பதாகச் சொன்னார்கள். கம்பெனி வேலை நின்றதும் களையெடுக்கப் போய்விட்டாராம். பம்புசெட் தண்ணீர் பாய்ந்த சேற்று வயல். வரப்பில் நின்று அண்ணன் குரல் கொடுத்தார். செல்வி அக்கா நிமிர்ந்து பார்த்துத் திகைத்துப்போனார். கம்பெனியை மூடிவிட்டார்களோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது.

“என்னண்ணே, இம்புட்டுத் தூரம்?”

“செல்வி, நீங்க எடுத்துட்டு வந்த கிரீமத் திருப்பிக் குடுத்துருங்க. அது சரியில்ல.”

செல்வி அக்கா பேசுவதற்குள் பக்கத்தில் நின்ற பாண்டியம்மா என்ற பெண் இடுப்பில் கையை வைத்தார். அவர் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை.

“குடுத்தத திருப்பிக் கேக்குறீகளே, என்ன சரியில்லையாம்?”

“பரவாதும்மா.”

“நாங்க பரப்பிக்கிறோம்.”

“ஒட்டும்.”

“ஒட்டுறதுக்குத்தேன போடுறோம்?”

“தேய்க்கிறதுக்குள்ள கை வலிக்கும்மா!”

“நாள் பூரா களை பிடுங்குற கைக்கு, இது வலிக்குதாக்கும்?”

வயல் முழுக்கச் சிரித்தது. பாண்டியம்மா வரப்பில் ஏறி, வாய்க்காலில் காலை அலசிவிட்டுக் குதிகாலைத் திருப்பிக் காட்டினார். செல்வி அக்காவிடம் பங்கு வாங்கிக் காலையில் பூசியது வெடிப்புகளுக்குள் அப்படியே இருந்தது. தண்ணீர் அதன்மேல் முத்து முத்தாக உருண்டு ஓடியது. மற்ற கிரீம்கள் சேற்றில் காலை வைத்ததுமே கரைந்து போய்விடும் என்றும், இது மட்டும்தான் மத்தியானம் வரை நிற்கிறது என்றும் ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒருவர் வீட்டில் கிரீச்சிடும் கேட்டுக்குப் போட்டாராம், சத்தம் போய்விட்டதாம். இன்னொருவர் ஆட்டுக்குளம்புக்குப் போட்டாராம். அதைக் கேட்டு மட்டும் அண்ணன் காதைப் பொத்திக்கொண்டார்.

பிறகு அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். செல்வி அக்காவின் தூக்குவாளியிலிருந்து கொஞ்சம் வாங்கித் தன் பாதத்தில் அழுத்தித் தேய்த்தார். செருப்பை என் கையில் கொடுத்துவிட்டு வயலுக்குள் இறங்கிவிட்டார். கொக்கு மாதிரி அசையாமல் நின்றார். பெண்கள் அவரைச் சுற்றிக்கொண்டு களை பிடுங்கினார்கள். “அண்ணே, நிக்கிறதுதேன் நிக்கிறீக, அந்தக் கோரையப் பிடுங்கிப் போடுங்க” என்றார் பாண்டியம்மா. அண்ணன் பிடுங்கினார். நெல்லையும் சேர்த்துப் பிடுங்கியதால் உடனே வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

வெகுநேரம் கழித்து மேலேறி, வாய்க்காலில் காலைக் கழுவினார். விரலால் குதிகாலைத் தடவிப் பார்த்தார். மறுபடி கழுவினார். மறுபடி தடவினார்.

“தங்கச்சி” என்றார் மெதுவாக. “நம்ம வச்ச அம்புட்டு டெஸ்டுலயும் சேறே இல்லையே.”

கண் கலங்கியிருந்தது. வேப்பெண்ணெய் நெடி என்றார். கிரீமில் வேப்பெண்ணெய் கிடையாது.

அப்புறம் நடந்தது எல்லாம் வேகம்தான். விரல் உள்ளே போகும் அளவுக்கு மட்டும் மெழுகைக் குறைத்தார் அண்ணன். அதற்குமேல் மாற்றினால் வீடு தேடி வருவோம் என்று பாண்டியம்மா எச்சரித்திருந்தார். லேபிள் எழுத உட்கார்ந்தோம். ‘இந்த கிரீம் எளிதில் பரவாது, ஒட்டும்’ என்று போட வேண்டும் என்று அண்ணன் அடம்பிடித்தார்.

“அரே மாஸ்டர், சொந்தச் சரக்க எவனாச்சும் இப்படித் திட்டுவானா?” என்று பாய் தலையில் கைவைத்தார்.

“உண்மைய மறைக்கக் கூடாது பாய்.”

கடைசியில் நான், ‘அழுத்தித் தேய்க்கவும். சேற்றிலும் நிற்கும்’ என்று எழுதினேன். இருவருமே தாங்கள் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். கிரீம் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகவில்லை. உரக்கடைகளுக்குப் போனது. விதைப் பாக்கெட்டுக்கும் பூச்சிமருந்துக்கும் நடுவே நின்று, பாய் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே விற்றது. பாக்கிங் பெண்களை ஒவ்வொருவராக நானே போனில் கூப்பிட்டேன். செல்வி அக்கா வந்ததும் முதல் டப்பாவை அடைத்து, மேலே ஒரு சுழி விட்டார். அண்ணன் குனிந்து பார்த்து, “சாயல” என்றார். கொஞ்ச காலம் கழித்துச் சென்னை இளைஞர் போன் செய்து அந்தப் புதுக் கிரீமைப் பற்றி விசாரித்தார். அண்ணன் ரிசீவரை வாங்கி, “தம்பிக்கு வயல் இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

நான் இப்போது திருநகரில் இருக்கிறேன். கம்பெனி வேலையை விட்டு, இப்படிப் பத்திரிகைக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து காலில் மாவுக்கட்டு. பார்க்க வந்தவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எப்படி விழுந்தேன், எந்தப் பக்கம் விழுந்தேன், ஏன் பார்த்து நடக்கவில்லை என்று கேட்டு, தங்கள் சொந்தத்தில் விழுந்தவர்களின் கதையையும் சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

கட்டுப் பிரித்த மறுநாள் அண்ணன் வந்தார். ஈரத்துண்டில் சுற்றிய ஒரு டப்பாவை வெயில் படாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, செல்லூரிலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். உட்கார்ந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை. செதில் செதிலாக உரிந்துகிடந்த என் காலைப் பார்த்தார். டப்பாவைத் திறந்தார். வீட்டுச் சட்னிக்குக்கூட பேட்ச் நம்பர் போடுகிற மனிதர். இதில் நம்பரும் இல்லை, லேபிளும் இல்லை.

“இது எந்தச் சரக்குண்ணே?”

“இது விக்கிறதுக்கு இல்ல தங்கச்சி. இந்த ஒண்ணுதேன் செஞ்சேன். தேச்சுப் பாரு.”

தேய்த்தேன். அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது விரலுக்கு வழிவிட்டுப் பரவி, எரிச்சலில்லாமல் தோலுக்குள் இறங்கியது. “நல்லாருக்குண்ணே” என்றேன். தலையை ஒருமுறை ஆட்டினார். “அப்பச் சரி, வாரேன்” என்று எழுந்து, காபிக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

அப்போது என்னைப் பார்க்க வந்தவர்களில், எப்படி விழுந்தாய் என்று கேட்காதவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் யார் யார் வந்தார்கள் என்று இப்போது எனக்கு நினைவில்லை.